நாலரை நட்சத்திர கேமை விமர்சகர்கள் ஏன் திட்டுகிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அக்கா மகனுக்கு 13 வயது. அவன் கேட்கும் கேமுக்கு பிளே ஸ்டோரில் நாலரை நட்சத்திரம் இருக்கிறது. விமர்சனத் தளங்களில் "சுமார்" என்று எழுதியிருக்கிறார்கள். யூடியூபில் ஒருவர் ஆகா ஓகோ என்கிறார், இன்னொருவர் பகல் கொள்ளை என்கிறார். யாரை நம்புவது, பேசாமல் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் மாதிரி கையில் வைத்து விளையாடும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீருமா, கேம் மேல் போட்டிருக்கும் வயதுக் குறியை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்ற எண்ணம் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் கேமின் வேறு வேறு பகுதிக்கு மார்க் போடுகிறார்கள், அவ்வளவுதான். பெங்களூருவில் மொபைல் கேம் டெஸ்டிங் வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பக்கம், அதிலும் நடுத்தர விலை போன்கள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். கேம் ஒரு பையனின் மனதை என்ன செய்யும் என்பது என் துறை இல்லை, அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்குச் சரியான உதாரணம் 2022 ஜூனில் வந்த டயாப்ளோ இம்மார்ட்டல் என்ற இலவச மொபைல் கேம். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் நான்குக்கு மேல் நட்சத்திரம். விமர்சகர்களில் பலர் சண்டைக் காட்சிகளையும் தொடுதிரைக் கட்டுப்பாட்டையும் பாராட்டி, காசு பறிக்கும் விதத்தைக் கண்டித்து, மொத்தத்தில் நடுவாந்தர மார்க் போட்டார்கள். விமர்சன மார்க்குகளைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விளையாடியவர்கள் போட்ட சராசரியோ பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அதிர்ஷ்டப் பெட்டி (உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்குவது) விற்பனைக்குக் கட்டுப்பாடு இருப்பதால் கேம் அங்கே வெளியாகவே இல்லை. ஒரே கேம்தான், ஆனால் ஆளுக்கொரு தீர்ப்பு. முதல் சில மணி நேரம் விளையாடி மகிழ்ந்தவர் ஐந்து நட்சத்திரம் போட்டார், அது உண்மையான மகிழ்ச்சிதான். கதையை முடித்த விமர்சகர் கதையையும் சண்டையையும் எடைபோட்டார். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் விளையாட நினைத்தவர்தான் சுவரில் முட்டிக்கொண்டார். கதாபாத்திரத்தை வலுவாக்கும் உயர்ரக ரத்தினங்கள் காசு செலவழிக்காமல் கிடைப்பது அரிது, ஒன்றை முழுதாக மேம்படுத்த அதே ரத்தினம் பல வேண்டும். மூவர் சொன்னதும் சரி. நீங்கள் பார்க்க வேண்டியது, உங்கள் அக்கா மகன் இந்த மூவரில் யாரைப் போல விளையாடப் போகிறான் என்பதைத்தான்.

நட்சத்திரம் எப்படி வருகிறது என்று உள்ளேயிருந்து பார்த்தவன் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். யாரும் தானாகப் போய் ரேட்டிங் போடுவது குறைவு. கேமுக்குள்ளேயே ஒரு பெட்டி எழும்பி வந்து கேட்கும். ஆப்பிள் அந்தப் பெட்டியை ஒருவருக்கு 365 நாளில் மூன்று முறைக்கு மேல் காட்ட விடாது. ஆகவே அந்த மூன்று வாய்ப்பையும் எந்த நொடியில் பயன்படுத்துவது என்பதே தனி வேலை. நான் வேலை பார்த்த ஒரு ஸ்டூடியோவில் அதற்கென்றே பில்டுகள் (கேமின் சோதனைப் பதிப்புகள்) வரும். கஷ்டமான லெவலில் இரண்டு முறை தோற்றவன் மூன்றாவது முறை ஜெயிக்கிறான், பரிசுப் பெட்டி திறக்கிறது, திரை முழுக்கக் காசு கொட்டுகிறது, பாராட்டுச் சத்தம் அடங்குவதற்குள் ரேட்டிங் பெட்டி வர வேண்டும். அரை நொடி தாமதமானால் அதை பக், அதாவது கோளாறு, என்று எழுதி அனுப்புவோம். "கேம் பிடித்திருக்கிறதா" என்று முதலில் கேட்டு, பிடித்திருக்கிறது என்பவரிடம் மட்டும் நட்சத்திரப் பெட்டியைக் காட்டுவதை கூகுளின் விதி அனுமதிப்பதில்லை. ஆனால் ஜெயித்த நொடியில் கேட்பதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. தோற்றுப்போய் எரிச்சலோடு கேமை அழித்தவரை யாரும் கேட்பதே இல்லை. நாலரை நட்சத்திரம் பெரும்பாலும் ஜெயித்தவர்களின் நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2021 நவம்பரிலிருந்து பிளே ஸ்டோரில் போனில் நீங்கள் பார்க்கும் ரேட்டிங் உங்கள் நாட்டுக்காரர்கள் போட்டது மட்டும்தான். அமெரிக்கக் கட்டுரையில் ஒரு எண்ணைப் படித்துவிட்டு இங்கே வேறு எண் காட்டுகிறதே என்று மோசடியைத் தேட வேண்டாம். பழைய ரேட்டிங்கைவிடப் புதிய ரேட்டிங்குக்கு கூகுள் எடை அதிகம் தருகிறது, அதனால் ஒரு வாரக் கோபமும் எண்ணைக் கீழே இழுத்துவிடும். 2021 செப்டம்பரில் கென்ஷின் இம்பாக்ட் என்ற இலவச கேம் முதலாம் ஆண்டு நிறைவுக்குக் கொடுத்த பரிசு சொற்பம் என்று விளையாடுபவர்கள் கூட்டமாகப் போய் ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார்கள். கேமின் தரம் அந்த வாரத்தில் ஒரு துளியும் மாறவில்லை. ஆகவே எண்ணை விடுங்கள். கீழே உள்ள கருத்துகளில் இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் வடிகட்டிப் படியுங்கள். ஒற்றை நட்சத்திரத்தில் கோபம்தான் இருக்கும், ஐந்தில் "சூப்பர் கேம்" என்பதோடு முடிந்துவிடும். நடுவில் இருப்பவர்கள்தான் எந்த லெவலில் விளம்பரம் கூடியது, எந்த அப்டேட்டுக்குப் பிறகு போன் ஹேங் ஆகிறது என்றெல்லாம் உட்கார்ந்து எழுதுபவர்கள்.

விமர்சகர்களிடம் வருவோம். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கட்டுப்பாடு கைக்கு இணங்குகிறதா, லெவல் அமைப்பில் மூளை இருக்கிறதா, இசை எப்படி என்பதில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல் நேரத்தில் வருகிறது. ஒரு விமர்சகருக்குக் கிடைப்பது சில நாள். இலவச மொபைல் கேம்களோ முதல் வாரத்தில் வாரி வழங்கும்படிதான் அமைக்கப்படுகின்றன. கைநிறையக் காசு, கதவைத் தட்டினால் பரிசு. மூன்றாவது வாரத்தில்தான் பிடி இறுகும். விமர்சனம் அதற்குள் வெளியாகிவிடும். கென்ஷினையே பாருங்கள். 2020 செப்டம்பர் 28-இல் அது வந்தபோது அந்த உலகத்தின் அழகை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், அது நியாயமான பாராட்டு. ஆனால் கதாபாத்திரங்களைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் விழுவதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 முறைக்குள் ஒன்று உறுதி, ஆனால் அது நீங்கள் கேட்ட ஆளாக இருக்கும் என்று உறுதி இல்லை. அதிர்ஷ்டம் முழுக்கக் கைவிட்டால் கேட்டவரைப் பெற 180 முறை குலுக்க வேண்டும். ஒரு குலுக்கலுக்கு 160 கற்கள், ஆக 28,800 கற்கள். தினமும் விளையாடினால் கிடைக்கும் கற்களை ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் எத்தனை மாதம் என்று தெரியும். முதல் வார விமர்சனம் எழுதுபவருக்கு இந்தக் கணக்கு உறைக்க வாய்ப்பே இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. தொடுத்த வழக்கில் கென்ஷினை வெளியிட்ட நிறுவனம் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அதிர்ஷ்டப் பெட்டி விற்கமாட்டோம் என்றும் ஒப்புக்கொண்டது. உங்கள் வீட்டுப் பையனுக்கு 13 என்பதால் இதைச் சொல்கிறேன்.

அதனால் விமர்சனத்தைத் திறந்ததும் மார்க்கைப் பார்க்காதீர்கள். தேதியைப் பாருங்கள், எத்தனை மணி நேரம் விளையாடினேன் என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள், எந்தக் கருவியில் என்று பாருங்கள். கருவி என்பது சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டு விமர்சகர் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த வருஷத்து ஐபோன். நம் பையன்கள் கையில் இருப்பது அண்ணன் விட்டுக்கொடுத்த ஆண்ட்ராய்டு. பதினைந்து இருபது நிமிடத்தில் போன் சூடேறும், சூடேறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது லேக் அடிக்கும். நாங்கள் டெஸ்ட் செய்யும்போது உறையைக் கழற்றாமல், சார்ஜில் போட்டபடி, ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்போம், ஏனென்றால் வீட்டில் அப்படித்தான் விளையாடுவார்கள். அதே போல பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஓட்டுவோம். எம்.ஜி. ரோடு தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதும் நெட் விட்டு விட்டு வரும். நல்ல கேம் ஒன்றும் ஆகாதது போலத் தொடரும். மோசமானது "மீண்டும் இணைக்கிறது" என்று சுற்றிவிட்டு, ஜெயித்த ஆட்டத்தைத் தோல்வியாகப் பதிவு செய்யும். 2016 டிசம்பரில் சூப்பர் மாரியோ ரன் வந்தபோது எப்போதும் நெட் வேண்டும் என்பதைப் பல விமர்சகர்கள் குறையாகச் சொன்னார்கள். இப்போது அதே நிபந்தனை இல்லாத கேமைத் தேட வேண்டியிருக்கிறது, விமர்சனங்களில் அது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

மொபைல் கேமை உட்கார்ந்து பார்த்து எழுதுபவர்களே குறைந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு உண்மையில் வருத்தம். டச் ஆர்கேட் என்ற தளம் 16 வருஷம் நடந்து 2024 செப்டம்பரில் மூடப்படுவதாக அறிவித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் குழுவில் எல்லாரும் படித்தது அதைத்தான். மெட்டாகிரிட்டிக்கில் ஒரு கேமுக்கு மார்க் வரக் குறைந்தது நான்கு விமர்சனம் வேண்டும், மொபைல் கேம்களில் பெரும்பாலானவை அந்த நான்கையே எட்டுவதில்லை. அந்த இடத்தை இப்போது யூடியூப் பிடித்துக்கொண்டது. இந்திய விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கியின் வழிகாட்டுதல்படி 2021 ஜூன் 14 முதல் காசு வாங்கிப் போடும் பதிவுகளில் விளம்பரம் என்ற குறி இருக்க வேண்டும். குறி இருந்தால் அந்த வீடியோவை விளம்பரமாகவே பாருங்கள். குறி இல்லாத வீடியோ எல்லாம் நேர்மையானது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ரேட்டிங்கைக் காசுக்கு வாங்கியிருக்கிறார்களா என்பதும் அப்படித்தான், வெளியிலிருந்து பார்த்து ஒரு கேமைக் கைகாட்ட முடியாது. இந்த இரண்டும் சந்தேகக் கணக்கில் இருக்கட்டும். மேலே சொன்ன பெட்டி, நாடு, தேதி விவகாரங்கள் உறுதியானவை.

சரி, ஸ்விட்ச் வாங்கினால் தீருமா? பாதி தீரும். ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் கேம்கள் அங்கே அதிகம், குலுக்கல் தொல்லை குறைவு, விமர்சகர்களும் கதையை முடித்துவிட்டு எழுதுகிறார்கள். ஆனால் அங்கே சிக்கல் வேறு. 2022 நவம்பரில் ஸ்விட்சுக்கு போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் என்ற இரண்டு கேம்கள் வந்தன. மூன்றே நாளில் ஒரு கோடி பிரதி விற்றன. விமர்சகர்கள் திறந்த உலகத்தை ரசித்தார்கள், ஓடும் லட்சணத்தைக் கிழித்தார்கள். தூரத்தில் சுழலும் காற்றாலை தத்தித் தத்திச் சுழலும், ஏரிப் பக்கம் போனால் ஆட்டமே மந்தமாகும். நிண்டெண்டோவே வருத்தம் தெரிவித்தது. பிறகு 2025 ஜூனில் அடுத்த தலைமுறைக் கருவியான ஸ்விட்ச் 2 வந்தபோது இலவச அப்டேட்டில் அதே கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்போது அந்தப் பழைய விமர்சனத்தைப் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? அவர் கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஸ்விட்ச் 2-ஐ விமர்சகர்களுக்கே வெகு முன்னதாக அனுப்பவில்லை, ஜூன் 5 அன்று கடைக்கு வந்ததையொட்டித்தான் அவர்களுக்கும் கிடைத்தது. முதல் இரண்டு நாளில் வந்த தீர்ப்புகளை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கையில் வைத்து விளையாடுவதும் டிவியில் மாட்டி விளையாடுவதும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். சைபர்பங்க் 2077 ஸ்விட்ச் 2-இல் வந்தபோது, டிவியில் மாட்டினால் வேகத்துக்கான அமைப்பில் 1080பி, கையில் வைத்தால் அதே அமைப்பில் 720பி, இரண்டிலும் இலக்கு நொடிக்கு 40 பிரேம் என்று தயாரித்தவர்களே அறிவித்தார்கள். (அந்த கேம் 13 வயதுப் பையனுக்கு இல்லை, கருவியைப் பற்றிச் சொல்ல வந்ததால் எடுத்தேன்.) இதைவிட முக்கியம் எழுத்தின் அளவு. பெரிய திரைக்காக எழுதிய வசனங்களை ஏழு எட்டு அங்குலத்தில் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டீம் டெக் என்ற இன்னொரு கையடக்கக் கருவிக்காக வால்வ் நிறுவனம் கேம்களைச் சோதித்துப் பச்சைக் குறி கொடுக்கும்போது எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பதையும் பார்க்கிறது. எந்தக் கருவி வாங்கினாலும் அந்தக் குறி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது, எழுத்து பொடியாக இருக்குமா என்று ஒரு யோசனை கிடைக்கும்.

விமர்சகர் சொல்வது சரியாக இருந்தும் நமக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. வெண்பா என்ற கேம் 2023 ஜூலை 31-இல் வந்தது. டொரோண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும், முதலில் வருவது இட்லி. அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதையும், சிறு குழுக்களின் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசையும் வாங்கியது. பலர் சொன்ன ஒரே குறை, ரொம்பச் சின்னது, ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது, புதிர்கள் சுலபம் என்பது. குறை நியாயமானதுதான், நானும் முடித்துவிட்டு இன்னும் இரண்டு சமையல் இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெளியூர்க்காரருக்கு அழிந்த வரி ஒரு புதிர், நமக்கு அது வீட்டு அடுக்களை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று யோசிப்பதற்குள் கை தானாகப் போகிறது. மகன் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடத்தில், பெங்களூருவில் மூன்று மொழியில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தமிழ் அம்மாவும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். அதற்கு எந்த விமர்சகரும் மார்க் போட முடியாது. அதை அவர்கள் குறையாக நான் சொல்லவில்லை. யார் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன்.

வயதுக் குறியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பலாட்ரோ என்ற சீட்டு கேம் 2024 பிப்ரவரியில் வந்து, செப்டம்பரில் மொபைலுக்கு வந்தது. தி கேம் அவார்ட்ஸ் விருது விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த மொபைல் கேம். ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது, உள்ளே வாங்க எதுவும் இல்லை, பணயமும் இல்லை. ஆனால் போக்கர் சீட்டைக் காட்டுகிறது என்பதற்காக ஐரோப்பாவின் பெகி அமைப்பு அதற்கு 18 வயதுக் குறி போட்டது, 2025 பிப்ரவரியில்தான் 12 ஆகக் குறைத்தது. அதே காலத்தில், காசு கொடுத்து அதிர்ஷ்டப் பொட்டலம் பிரிக்கும் கால்பந்து கேமுக்கு 3 வயதுக் குறி இருந்தது. இது சரியில்லை என்று பலாட்ரோவைச் செய்தவரே வெளிப்படையாகக் கேட்டார். நானும் அவர் பக்கம்தான். படத்தில் என்ன தெரிகிறது என்பதைவிட, பணம் எப்படி வெளியே போகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்குக் கருவி வாங்கமாட்டேன். இருக்கிற போனில் வாம்பயர் சர்வைவர்ஸ் போட்டுக் கொடுப்பேன். மொபைலில் இலவசம், விளம்பரம் பார்ப்பது நம் விருப்பம், 2023-இல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருது வாங்கியது. பேய் பிசாசுக் கூட்டம் வரும், ஆனால் எல்லாம் பழைய காலத்துப் பொடிப் படங்கள். பிடித்தால் பலாட்ரோ, வீட்டில் கணினி இருந்தால் வெண்பாவும். அவன் கேட்கும் அந்த இலவச கேமையும் தடுக்கமாட்டேன். பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டு, அந்தக் கணக்கில் கார்டோ யுபிஐ-யோ சேர்க்காமல் மூன்று வாரம் விளையாடவிடுவேன். மூன்றாவது வாரத்தில் அவனே "காசு இல்லாமல் இதற்கு மேல் போகாது" என்று சொன்னால் எந்த விமர்சனமும் தேவையில்லை. அதற்குப் பிறகும் ஸ்விட்ச் 2-தான் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, பெங்களூரு நேஷனல் மார்க்கெட் மாதிரிக் கடைகளிலோ ஆன்லைனிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு, உத்தரவாதம் கடைக்காரர் வாய்மொழிதான். ஜப்பானில் அதையே இரண்டு விதமாக விற்கிறார்கள். விலை குறைந்தது ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும், ஜப்பான் கணக்கை மட்டுமே ஏற்கும். யாராவது மற்ற கடைகளைவிட நன்றாகக் குறைத்துக் கொடுத்தால், பெட்டியைப் பிரித்து, மொழி அமைப்பில் ஆங்கிலம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.